மோதிரம் யாரிடம் போய்ச் சேர்ந்தது?

2015இல் வந்த ‘மசான்’ இந்திப் படத்தை இன்றும் பரிந்துரைக்கும் நண்பர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள்: காதலைச் சாவுக்குப் பறிகொடுத்தவன், துக்கத்தை விட்டுவிடக் கற்றுக்கொள்ளும் கதை. எனக்கு அந்த ‘விட்டுவிடுதல்’ என்ற சொல்லோடு தகராறு உண்டு. யார் விடுகிறார்கள், எதை விடுகிறார்கள், விட்டது யார் கைக்குப் போகிறது?

தீபக், காசியின் அரிச்சந்திரா படித்துறையில் பிணம் எரிக்கும் டோம் சாதிக் குடும்பத்துப் பையன். பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறான். ஷாலு, குப்தா வீட்டுப் பெண். உன் வீடு எங்கே என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்கிறாள், அவன் வெடித்துவிடுகிறான். ஊர்ப்பெயர் சொன்னதும் தெருப்பெயர் கேட்கப்பட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோபத்தை விளக்க வேண்டியதில்லை. உண்மை தெரிந்தபின்னும் ஷாலு பின்வாங்கவில்லை. தேவைப்பட்டால் வீட்டைவிட்டு வரத் தயார் என்கிறாள். பிறகு அவள் குடும்பத்தோடு யாத்திரை போன பேருந்து விபத்துக்குள்ளாகிறது. அன்றிரவு சுடுகாட்டுக்கு வந்த உடல்களில் ஒன்றை, அதன் விரலில் கிடந்த மோதிரத்தை வைத்து அவன் அடையாளம் காண்கிறான்.

படத்தின் மீது எனக்குள்ள பெரிய வருத்தம் அந்த விபத்துதான். அது வந்துவிட்டதால், ஷாலுவின் அப்பா என்ன செய்திருப்பார் என்று படம் சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. ‘மசான்’ திரைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்புதான் இங்கே பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கோகுல்ராஜின் உடல் கிடந்தது. பேருந்தின் மேல் பழியைப் போடும் கதையை நம்மால் எளிதில் ஏற்க முடியாது.

ஆனால் இயக்குநர் நீரஜ் கேவான் (தான் தலித் என்பதைப் பின்னாளில் பொதுவெளியில் சொன்னவர்) வெளியே அனுப்பிய சாதியை மோதிரத்தின் வழியாகத் திரும்ப உள்ளே கொண்டுவருகிறார். ஓர் இரவு தீபக் அந்த மோதிரத்தைக் கங்கையில் எறிகிறான். எறிந்த கையோடு தண்ணீரில் குதித்துத் தேடுகிறான். கிடைக்கவில்லை. விமர்சகர்கள் ‘விடுதலை’ என்று எழுதும் காட்சியில் உண்மையில் இருப்பது இந்தத் தேடல்தான். பின்னர் ஆற்றில் மூழ்கிக் காசெடுக்கும் ஜோண்டா என்ற சிறுவனிடம் அது அகப்படுகிறது. அவன் வழியாக வித்யாதர் பாடக்கிடம் போகிறது. பாடக் சமஸ்கிருதம் படித்த பார்ப்பனர், படித்துறையில் சடங்குப் பொருள் விற்பவர். மகள் தேவியை மிரட்டிப் பணம் பறிக்கும் போலீஸ் அதிகாரிக்குக் கட்டவேண்டிய மிச்சத் தொகைக்கு அந்த மோதிரம் விலையாகிறது.

பாடக் வில்லன் இல்லை. தேவி படும்பாடும் கொடுமையானது. என்றாலும் கணக்கைப் பாருங்கள். இரண்டு குடும்பமும் ஒரே படித்துறையில் சாவை வைத்துத்தான் பிழைக்கின்றன. ஒன்றுக்கு அது புனிதம், மற்றதற்குத் தீட்டு. டோம் வீட்டுப் பையனிடம் மிஞ்சியிருந்த ஒரே காதல் நினைவு பார்ப்பன வீட்டின் மானத்தைக் காப்பாற்றுகிறது. கொடுத்தவனுக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது.

அந்தப் படித்துறையின் பெயரையும் கவனியுங்கள். நம்மூர்க் கூத்தில் விடிய விடிய நடக்கும் மயான காண்டத்தின் அதே அரிச்சந்திரன்தான். நாடிழந்த ராஜா சுடலை காக்க வந்தான் என்று நாம் அழுகிறோம். கடைசியில் தெய்வங்கள் தோன்றி மகன், மனைவி, அரியணை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. அவனுக்கு அது சோதனைக்காலம். அவனை விலைக்கு வாங்கிய வீரபாகுவோ தலைமுறை தலைமுறையாக அங்கேயேதான் நிற்கிறான். எந்தத் தெய்வமும் அவனைக் கூப்பிடவில்லை.

தீபக்கையும் எந்தத் தெய்வமும் கூப்பிடவில்லை. படிப்பு கூட்டிப்போகிறது. இறுதியில் அலகாபாத்தில் வேலையோடு இருக்கிறான், தேவியோடு சங்கமத்துக்குப் படகேறுகிறான். ஷாலுவை அவன் விட்டானா என்று எனக்குத் தெரியாது, படமும் சொல்லவில்லை. அவன் விட்டது சுடலையை. அவன் வீட்டு ஆட்கள் அப்போதும் அரிச்சந்திரா படித்துறையில் கட்டையைப் புரட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.