வானொலிப் பொத்தான் யாருக்குச் சொந்தம்?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

அறிவியல் வளர வளர மனிதனின் வேலை எளிதாகிறது என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம், தேர்விலும் எழுதுகிறோம். யாருடைய வேலை எளிதாகிறது என்று மட்டும் கேட்பதில்லை. லாரியில் இருக்கும் வானொலிப் பெட்டி என்னும் சிறு பொருளை வைத்து அந்தக் கேள்வியைக் கேட்க விரும்புகிறேன்.

என் ஊர் கொல்லிமலை. வல்வில் ஓரியின் மலை என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். சுற்றுலா வந்தவர்களுக்கோ காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள்தான் நினைவில் நிற்கும். அந்த வளைவுகளில் என் தந்தையார் சரக்கு லாரி ஓட்டுகிறார். வாழைத்தாரும் மரவள்ளிக்கிழங்கும் பலாவும் கீழே இறங்கும். அரிசியும் சிமெண்டும் மேலே ஏறும். தந்தையார் படித்தது ஐந்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

லாரியில் முன்பு இருந்த பெட்டியில் ஒரு குமிழும் ஆறு பொத்தான்களும் உண்டு. மூன்றாவது பொத்தானை அழுத்தினால் கோடைப் பண்பலை, 100.5. கண் சாலையில் இருக்கும். விரலே நிலையத்தைக் கண்டுகொள்ளும். சென்ற ஆண்டு விடுமுறையின்போது உரிமையாளர் அதைக் கழற்றிவிட்டுத் தொடுதிரை ஒன்றைப் பொருத்தினார். எல்லாம் ஆங்கில எழுத்து. நிலையங்களைப் பதிந்து தரும் பொறுப்பு, 'படித்த பிள்ளை' என்பதால் எனக்கு வந்தது.

நானும் முறையாகத்தான் செய்தேன். செம்மேட்டில் வண்டி நின்றபோது தானாகத் தேடும்படி விட்டேன். கிடைத்த நிலையங்களை எல்லாம் அலைவரிசை எண்ணின் ஏறுவரிசையில் அடுக்கினேன். கோடை எட்டாம் இடத்துக்கு, திரையின் இரண்டாம் பக்கத்துக்குப் போயிற்று. அழகான வரிசை என்று எனக்குள் பெருமை.

மறுநாள் விடியற்காலை பாரத்தோடு இறங்கிக்கொண்டிருந்தோம். தந்தையார் பழக்கப்படி மூன்றாம் இடத்தைத் தொட்டார். ஏதோ இரைச்சல். "கோடை எங்கடா போச்சு?" என்று கேட்டபடி திரையைப் பார்த்தார். அதற்குள் வளைவு வந்துவிட்டது. எதிரே ஏறிவரும் பேருந்து. பிரேக்கை மிதித்து, சுவரை ஒட்டி நிறுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. அவர் என்னைத் திட்டவும் இல்லை. வானொலியை அணைத்துவிட்டார். காரவள்ளி வரும்வரை இருவரும் பேசவில்லை.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டர். இரண்டு நொடி கண் விலகினால் 11 மீட்டர். கொண்டை ஊசி வளைவில் 11 மீட்டர் என்பது உயிர்.

இயற்பியல் மாணவனாகிய எனக்கு இன்னொரு வெட்கமும் உண்டு. பண்பலை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது. அலைநீளம் சுமார் மூன்று மீட்டர். ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும் அந்த அலையை மலை மறைத்துவிடும். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையின் நீளமோ சுமார் 320 மீட்டர். அது நிலத்தை ஒட்டி மேடு பள்ளங்களைக் கடந்து செல்லக்கூடியது. இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் மலையுச்சியில் கிடைக்கும் நிலையங்கள் வேறு, அடிவாரத்தில் கிடைப்பவை வேறு என்பது எனக்குத் தோன்றவில்லை. தந்தையாருக்குத் தெரிந்திருந்தது. ஒரு வளைவில் கோடை மங்கினால் அவர் பொத்தானைத் தொடமாட்டார்; அடுத்த வளைவில் தானே வரும் என்று பொறுத்திருப்பார்.

வானொலியே வேண்டாமே என்று சிலர் கூறலாம். விடியற்காலையில் தனியாக வண்டி ஓட்டுபவருக்கு அதுதான் பேச்சுத்துணை. மழைச் செய்தியும் அதில்தான் வருகிறது. அதைப் பறிப்பது தீர்வாகாது. நிலையங்களை வண்டி நிற்கும்போதே பதிய வேண்டும். எது எந்த இடம் என்பதை ஓட்டுபவரே சொல்ல வேண்டும். பெட்டி செய்பவர்கள் தடவி அறியும்படி சில பொத்தான்களையாவது விட்டுவைக்க வேண்டும். பெயர்கள் தமிழில் தெரிய வேண்டும். இவை பெரிய கோரிக்கைகள் அல்ல.

அடுத்த ஞாயிறு வண்டி வீட்டருகே நின்றபோது தந்தையாரின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எது எங்கே வேணும், நீங்களே சொல்லுங்கப்பா" என்றேன். ஆறே ஆறு சொன்னார். மேலே கேட்பவை மூன்று, கீழே கேட்பவை மூன்று. மற்றவற்றை அழித்தேன். கோடை மறுபடியும் மூன்றாம் இடத்துக்கு வந்தது. திரையில் தடவி அறிய மேடு இல்லை என்பதால், அந்த இடத்துக்கு நேர் கீழே விளிம்பில் ஒரு சிறு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டினார். அந்த யோசனை எனக்கு வரவில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நாளை அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பலருடைய வேலையை ஒழுங்குபடுத்தும் இடத்தில் அமர்வோம். அடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. அடுக்கும் முன், அதைப் பயன்படுத்துகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்போம்.