சங்கிலியில் கிடக்கும் காவல் நாய்

கேள்வி: மோட்டார் கொட்டகையில் கட்டியிருக்கும் நாய் கோடையில் பிள்ளைகள் மேல் பாய்கிறது. விற்றுவிடலாமா? – வாசகர், செஞ்சி.

பதில்: விற்க வேண்டாம். முதலில் கட்டிய இடத்தைப் பாருங்கள். செஞ்சியைச் சுற்றிப் பாறைக் குன்றுகள். பகல் சூடு இரவிலும் தணியாது. நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். தகரக் கூரையடியில், இரண்டு முழச் சங்கிலியில், தண்ணீர்ச் சட்டியும் கவிழ்ந்து கிடந்தால் எந்த நாயும் சீறத்தான் செய்யும். புங்க மர நிழலுக்கு மாற்றுங்கள். கல் தொட்டியில் தண்ணீர் வைத்தால் கவிழாது. காலையும் மாலையும் வரப்பில் நடத்திக் கூட்டிப் போங்கள். அது தின்னும்போது பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது. அடித்தால் பயம்தான் வளரும். பயந்த நாய்தான் கடிக்கும்.

வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா? குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி, பிறகு ஆண்டுதோறும். சாதுவான நாய் திடீரென மாறி, எச்சில் வடித்து, விழுங்கத் திணறினால் தொண்டையில் எலும்பு என்று வாயில் கைவிடாதீர்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கடியோ கீறலோ பட்டால் சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்காமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடிபட்டவருக்கு முதல் ஊசிக்குப் பின் 3, 7, 28-ஆம் நாள்களிலும் ஊசி உண்டு. காயம் ஆறிவிட்டதென்று பலர் நடுவிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.