பூனைக்கு ஒரு துணை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடி வீடுகள் பெருகப் பெருக, முற்றமும் கிணற்றடியும் அருகிப்போயின. ஆயினும் பூனை மட்டும் நம்மை விட்டு அகலவில்லை. தெருவிலிருந்தோ அயலவரிடமிருந்தோ பெற்ற பூனையொன்று வீட்டிற்கு வந்து சில நாட்கள் சென்றதும், பிள்ளைகள் கேட்கும் கேள்வி இதுதான்: "பாவம், பகல் முழுவதும் தனியே இருக்கிறதே, துணைக்கு ஒரு குட்டி கொண்டு வந்தால் என்ன?"

அன்பினால் எழும் கேள்விதான். எனினும் விடை கூறுமுன் பூனையின் இயல்பை நாம் அறிதல் வேண்டும். நாய், கூட்டமாய் வேட்டையாடும் விலங்கின் வழி வந்தது. பூனையோ தனித்து வேட்டையாடும் காட்டுப்பூனையின் வழி வந்தது. சைப்பிரசுத் தீவில், ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதன் அருகே புதைக்கப்பட்ட பூனையொன்றின் எலும்புகளை ஆய்வாளர் கண்டனர். அச்செய்தி 2004 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இத்தனை காலம் மனிதரோடு வாழ்ந்தும், தன் எல்லையைத் தானே காக்கும் குணத்தை அது கைவிடவில்லை. நாம் துணையென்று கொண்டுவரும் குட்டி, அதன் கண்ணுக்கு அத்துமீறி நுழைந்த அந்நியனே.

ஆகையால், முதலில் வந்த பூனை வீட்டோடு ஒன்றும்வரை பொறுத்தல் நன்று. அது வயிறார உண்டு, கட்டிலின் கீழ் ஒளியாது வெளியே உறங்கி, கதிரைக்கால்களில் கன்னத்தை உரசித் திரியுமாயின் மனம் நிலைத்துவிட்டதென்று கொள்ளலாம்.

குட்டி எட்டு வாரமாவது தாயோடு இருந்ததாய் இருக்கட்டும். அதனை மிருக வைத்தியரிடம் காட்டி, நீர்வெறுப்பு நோய் உட்பட்ட தடுப்பூசிகளை எப்போது ஏற்றுவதெனக் கேட்டறிக. பின் ஓர் அறையில் இரு வாரமளவு தனியே வைத்திருத்தல் வேண்டும். தொற்று நோய் இருப்பின் அதற்குள் பெரும்பாலும் வெளிப்படும். வேறு அறை இல்லாத வீட்டில் குளியலறையும் போதும்.

பூனைக்கு முதல் அறிமுகம் மூக்கினால் நிகழ்வது. குட்டி படுத்த துணியைப் பெரியதன் அருகிலும், பெரியது படுத்த துணியைக் குட்டியின் அருகிலும் இடுக. மூடிய கதவின் இருபுறமும் இரண்டிற்கும் உணவு வைத்தால், அந்த அந்நிய மணம் நல்ல உணவோடு சேர்ந்து மனத்திற் பதியும். பின்னர் கதவைச் சிறிது திறந்து பார்க்கவிட்டு, அதன்பின் சில நிமிடங்கள் மட்டும் ஒன்றாய் விடலாம். சீறுதல் இயல்பே, அதற்காக அடித்தலும் அதட்டுதலும் கூடாது. சண்டை மூண்டால் கையை நீட்டாது, தலையணையொன்றை இடையில் வைத்துப் பிரித்துவிடுக. உணவுத் தட்டுகள் விலகியிருக்கட்டும். மணல் தட்டுகள் இரு பூனைக்கு மூன்றாயின் சிறப்பு. பெரிய பூனை ஏறி ஒதுங்க அலுமாரியின் மேற்புறத்தை விட்டுவைத்தல் வேண்டும்.

ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்கத்தான் வேண்டும். சில பூனைகள் ஒரு வாரத்தில் இணங்கும். சில பல மாதங்கள் எடுக்கும். சில ஒருபோதும் நட்புக் கொள்ளாது, ஒரே வீட்டில் ஒதுங்கி வாழ மட்டுமே சம்மதிக்கும். முதுமையடைந்த பூனைக்கு ஓயாது விளையாடும் குட்டி பெருந்தொல்லை. அதற்கு நாள்தோறும் இருமுறை நாமே நூலும் பந்தும் கொண்டு விளையாட்டுக் காட்டுவது குட்டியினும் நல்ல துணையாகும்.

இன்னுமொன்று. பெண்குட்டி நான்கு ஐந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும். ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். கருத்தடைச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டால், துணைதேடிய வீட்டில் இடமின்றிப் போகும். கோயில் வாசலிலும் தேவாலய மதிலோரத்திலும் சந்தையடியிலும் கத்தித் திரியும் குட்டிகள் பல, இவ்வாறு எவரோ ஒருவர் வீட்டில் மிஞ்சியவையே.

எனவே குட்டியைத் தூக்கி வருமுன் வீட்டார் அனைவரும் கூடி ஒன்றைத் தீர்மானித்தல் நலம்: இவையிரண்டும் இணங்காவிடில் என் செய்வது? தனித்தனி அறையில் வைத்துப் பேணவோ, நம்பிக்கையான வேறொரு வீட்டிற் சேர்க்கவோ வழியிருந்தால் கொண்டு வரலாம். தெருவைத் தவிர வேறு வழி தோன்றாவிடில், இருக்கும் பூனை தனியே இருப்பதே இரண்டிற்கும் நன்மை.