கணினி நோயின் காரணம் காண்டல்

வீட்டுக் கணினி அடிக்கடி திடீரென நின்றுவிடுமாயின், விண்டோசை அழித்து மீண்டும் பதிப்பதே பரிகாரமென நம்மவருட் பலர் கருதுகின்றனர். விற்பனையாளர் சிலரும் அவ்வாறே சொல்வர். மகனது ஆராய்ச்சிக் குறிப்புகளும் தாயின் புகைப்படங்களும் அழிந்த பின்னரும் நோய் எஞ்சிநிற்றல் உண்டு. திரையில் தோன்றும் பிழைச்செய்தியோ நோயின் குறியேயன்றி நோயன்று. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் சிலவற்றில் விளையாட்டுக்கள் இடையில் முறிந்தபோது, வீடியோ நினைவகம் போதாதென்றே செய்தி வந்தது. பலர் கிராபிக்ஸ் அட்டையைப் பழித்தனர். பிராசசருக்கு மிகையான மின்னழுத்தம் சென்றதே காரணமென 2024-இல் அந்நிறுவனமே அறிவித்தது. ஆதலின் முதலிற் கோப்புகளைப் பிரதிசெய்து கொள்க. மெம்டெஸ்டை ஓரிரவு முழுதும் ஓடவிடுக. பின்னர் ரேம், பவர் சப்ளை, தூசியடைந்த விசிறி என ஒவ்வொன்றாகவே சோதிக்க. மூன்றையும் ஒருங்கே மாற்றினால், நோய் தீரினும் குற்றம் எதனுடையதென்று விளங்காது, கடைக்காரர்க்கே ஆதாயம்.