அனுமதி வேண்டாம், ஆவணம் வேண்டும்

சொந்த மனையில் வீடு கட்டக் கடன் கேட்டு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, ஒப்புதல் பெற்ற வரைபடத்தை. ஐதராபாத்தில் சிறு மனை வைத்திருப்போர் சிலர், “எங்கள் மனைக்கு அனுமதியே தேவையில்லையே, வரைபடம் எதற்கு?” என்று திருப்பிக் கேட்பதுண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு.

தெலங்கானா அரசு 2020-இல் இயற்றிய கட்டட அனுமதிச் சட்டத்தின்படி, நகர்ப்புறங்களில் 75 சதுர கஜம் வரையுள்ள மனையில், 7 மீட்டர் உயரத்துக்கு மிகாமல், தரைத்தளமும் அதன்மேல் ஒரு தளமும் வரை குடியிருப்பு வீடு கட்டிக்கொள்ள அனுமதி தேவையில்லை. நமக்குப் பழகிய கணக்கில் இது ஏறத்தாழ ஒன்றரை சென்ட். இணையத்தில் ஒரு ரூபாய் செலுத்திப் பதிவு செய்தால் போதும். அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிச் சலித்த எளிய மக்களுக்கு இது பெரும் ஆறுதல்.

ஆயினும், ‘அனுமதி வேண்டாம்’ என்பதை ‘விதியே இல்லை’ என்று பொருள்கொள்வோர் உளர். பதிவு செய்யாமலே கடைக்கால் தோண்டுகின்றனர். பிறகு கூடுதல் தளமும் எழுப்புகின்றனர். ஏரிப் பகுதியிலோ அரசு நிலத்திலோ கட்ட இச்சலுகை உரிமை தராது. பொய்யான உறுதிமொழி தந்து கட்டினால், முன்னறிவிப்பின்றி இடிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. வீடு இடிக்கப்பட்டாலும் கடன் தவணை நிற்காது.

வங்கியின் கேள்விக்கும் காரணம் உண்டு. ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலைப் பெற்ற பின்னரே கட்டுமானக் கடன் வழங்க வேண்டும் என்று 2006-இல் ரிசர்வ் வங்கி பணித்தது. கட்டடத்தை ஈடாகக் கொள்ளுமுன் நிறைவுச் சான்றைச் சரிபார்க்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் கூறியது. இவை வைப்பாளரின் பணத்தையும் வீடு வாங்குவோரையும் காப்பவை.

எனினும், அரசே வேண்டாமென்ற தாளை வங்கி வற்புறுத்தினால், சிறு மனைக்காரர் கந்துவட்டிக்காரரையே நாட நேரும். ஆகவே, இத்தகைய மனைகளுக்குப் பதிவு ஒப்புகையையும் தகுதிபெற்ற பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடத்தையும் சேர்த்து, ஒப்புதல் வரைபடத்துக்கு இணையாக ஏற்கும் வகையில் நெறிமுறை திருத்தப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

அதுவரை வாடிக்கையாளர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. கடைக்கால் தோண்டுமுன் பதிவு செய்யுங்கள். அந்த ஒப்புகையைக் கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது ஆகியவற்றுடன் பத்திரப்படுத்துங்கள். நாளை கடன் கேட்கும்போதும், பிள்ளைகள் வீட்டை விற்கும்போதும், முறைப்படி கட்டியதற்குச் சான்றாக நிற்பது அந்த ஒரு ரூபாய்ப் பதிவே.