லைசன்ஸ் இருக்கிறது என்றால் போதாது, எந்த வகுப்பு என்று பாருங்கள்

நமது மலைகளில் பிறக்கும் மகாவலி, கிண்ணியாவுக்கு அருகே கொட்டியாரக்குடாவில் கடலோடு கலக்கிறது. அந்தப் பக்கம் மணல் ஏற்றும் டிப்பர்கள் ஓடுகின்றன. சீனன்குடா மாவாலைக்கும் திருகோணமலை சீமெந்து ஆலைக்கும் பெரிய லொறிகள் போய்வருகின்றன. தோட்டத்தில் வேலை குறையக் குறைய, நம் வாலிபர்களும் அப்படியான சாரதி வேலைகளைத் தேடிப் போகிறார்கள்.

போகட்டும். ஆனால் "மகனிடம் லைசன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது" என்று சொல்லும் பெற்றோருக்கு, அது எந்த வகுப்பு என்று தெரிவதில்லை. பல வேளை மகனுக்கும் தெரிவதில்லை.

அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 'பி' என்றால் மொத்த எடை 3,500 கிலோவுக்கும், சாரதியோடு ஒன்பது இருக்கைக்கும் மேற்படாத வாகனம். 3,500 முதல் 17,000 கிலோ வரையான லொறிக்கு 'சி1' வேண்டும். அதற்கு மேல் 'சி'. பின்னால் பெரிய டிரெய்லர் இழுத்தால் 'சிஇ'. பஸ்ஸில் 33 இருக்கை வரை 'டி1', அதற்கு மேல் 'டி'. டிரக்டருக்கு 'ஜி', பெக்கோ போன்ற இயந்திரங்களுக்கு 'ஜே'. இங்கே எடை என்பது வெறும் வண்டியின் எடை அல்ல, சுமையோடு சேர்ந்த மொத்த எடை. ஆகவே ஆறு வீல் டிப்பர் ஓட்டப் போதுமான 'சி1', பத்து வீல் டிப்பருக்குப் போதாது.

இது கிண்ணியாவுக்குப் போகிறவரின் பிரச்சினை மட்டுமல்ல. 'ஜி' வைத்திருக்கும் டிரக்டர் சாரதியிடம், "இன்றைக்கு ஆள் இல்லை, கொழுந்து லொறியை எடு" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? எடுப்பார். தோட்டப் பாதையில் பொலிஸ் நிற்பதில்லை. ஆனால் வளைவும் பள்ளமும் அங்கேதான் இருக்கின்றன. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் மோதி ஏழு பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. அதை லைசன்ஸோடு முடிச்சுப் போடவில்லை. சரிவில் இறங்கும் பெரிய வண்டியின் எடை என்ன செய்யும் என்பதற்காகவே சொல்கிறோம்.

உரிய வகுப்பு இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் நீதிமன்றத்தில் நிற்பது சாரதி. காப்புறுதியும் கைவிரிக்கலாம். கடனை அடைப்பது லயத்தில் இருக்கும் குடும்பம். ஆனால் 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், உரிய அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்து ஓட்ட விடுவதையும் குற்றமாகவே பார்க்கிறது. பொறுப்பு ஓட்டச் சொன்னவருக்கும் உண்டு.

"மறுத்தால் அந்த வேலை இன்னொருவருக்குப் போய்விடுமே" என்று தோழர்கள் கேட்பது நியாயம். ஒருவர் தனியாக மறுத்தால் அப்படித்தான் நடக்கும். அதனால்தான் இதைச் சங்கத்தின் கோரிக்கையாக்கச் சொல்கிறோம். சாரதியின் நியமனக் கடிதத்தில் வாகன வகுப்பு எழுதப்பட வேண்டும். உயர்ந்த வகுப்பு வண்டியைக் கொடுத்தால் அதற்கேற்ற சம்பளமும் வேண்டும். தோட்டத் தேவைக்காக 'சி1' எடுக்கச் சொன்னால் பயிற்சி, மருத்துவச் சான்றிதழ், பரீட்சைச் செலவை நிர்வாகம் ஏற்க வேண்டும். வகுப்பு இல்லாத வண்டியை மறுப்பது கீழ்ப்படியாமை ஆகாது.

பத்து வருடமாக லொறி ஓட்டிப் பழகியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அந்தக் கைத்திறன் அட்டையில் ஏறினால்தான் அது தொழில். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். நம் பெண்களும் எழுதலாம், எந்த வகுப்பும் ஆணுக்கென்று ஒதுக்கப்படவில்லை.

நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. இதுவும் சம்பளப் போராட்டம்தான். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு சாரதியும் தன் அட்டையைக் கொண்டுவரட்டும். யார் எந்த வகுப்பு வைத்திருக்கிறார், எந்த வண்டி ஓட்டுகிறார் என்று ஒரு பட்டியல் எழுதுவோம். நிர்வாகத்தோடு பேச அந்தப் பட்டியலோடு போவோம்.