கிண்ணத்தோடு கலைந்த கூட்டம்

2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். மூன்றாவது நிமிடமே மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. நம் சென்னை சிட்டி தோற்று, கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் கிண்ணம் கைநழுவிவிடும். இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியைக் கோலாக்கினார். கௌரவ் போரா இரண்டு அடித்தார். 3-1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சென்னை சிட்டி ஐ-லீக் சாம்பியன். முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்து அழுதோம். கோவைக்கும் ஒரு கால்பந்துக் கூட்டம் உண்டு என்று காட்டிவிட்டோம்!

காட்டுவதில்தான் நம் கவனமெல்லாம் இருந்தது. பேனர் படத்தில் விழுகிறதா, மேளச் சத்தம் டிவியில் கேட்கிறதா என்று பார்த்தோம். பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தியவருக்கு எந்த ஊர், என்ன வேலை என்று கேட்கவில்லை. பிறகு கொரோனா வந்தது. 2020-21 சீசனை முழுக்க மேற்கு வங்கத்தில், ஆளில்லாத மைதானங்களில் நடத்தினார்கள். ஸ்டேடியம் இல்லை என்றதும் நாமும் இல்லாமல் போனோம். யாருக்கு வேலை போனது, யார் வீட்டில் சாவு விழுந்தது என்று விசாரிக்க நமக்குத் தோன்றவில்லை.

அந்த சீசனோடு சென்னை சிட்டி ஐ-லீக்கிலிருந்து மறைந்தது. கிளப்பை நடத்துவது நம் கையில் இல்லைதான். ஏன் என்று கேட்பது நம் கையில் இருந்தது. அதற்காக நாம் ஒரு இடத்தில் கூடவே இல்லை.

இதைவிட உறுத்துவது வேறொன்று. அதே 2019 மே மாதம், மதுரையின் சேது எஃப்சி லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என வென்று இந்தியப் பெண்கள் லீக்கைக் கைப்பற்றியது. ஒரே ஆண்டில் இரண்டு கிண்ணங்களும் தமிழ்நாட்டு அணிகளுக்கு! நாம் ஒரு பேனர்கூட எழுதவில்லை. இந்தியாவுக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசனின் பெயரை மேளத்தோடு சேர்த்து ஒருநாளும் கூவியதில்லை. ஆண்கள் ஆடினால் மட்டுமே அது நம் அணி என்று இருந்துவிட்டோம்.

2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில், கொல்லப்பட்ட பெண் மருத்துவருக்கு நீதி கேட்டு ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ரசிகர்கள் சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே ஒன்றாக நின்று தடியடி வாங்கினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பகை பாராட்டியவர்கள் அவர்கள். ஒரே அணிக்குக் கத்திய நமக்கு அந்த ஒட்டுறவு வாய்க்கவில்லை. நாம் வளர்க்கவும் இல்லை.

பழைய ஜெர்சி இன்னும் உங்கள் அலமாரியில் இருந்தால், அன்று உடன் நின்றவர்களில் ஒருவரையாவது இந்த வாரம் கூப்பிட்டுப் பேசுங்கள். உங்கள் ஊரில் பெண்கள் ஆட்டம் நடந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.